கூட்டுப்படையிலிருந்து ஒரு நாடு எப்படி விலகுகிறது?

2004 ஏப்ரல் 17 அன்று ஹோசே லூயிஸ் ரொட்ரிகெஸ் சப்பாத்தேரோ ஸ்பெயினின் புதிய பிரதமராகப் பொறுப்பேற்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றே அவர் தொலைக்காட்சியில் தோன்றி, ஈராக்கில் இருக்கும் ஸ்பானியப் படைகளை முடிந்தவரை சீக்கிரம் திருப்பி அழைக்க உத்தரவிட்டுவிட்டதாக அறிவித்தார். மொத்தம் சுமார் 1,300 சிப்பாய்கள். திங்களன்று ஹோண்டுராஸ் தன் படையையும் அழைத்துக்கொள்வதாகச் சொன்னது. அதற்கடுத்த நாள் டொமினிக்கன் குடியரசு. சுமார் ஒன்றரை மாதத்துக்குள் மூன்று நாட்டுச் சிப்பாய்களும் ஈராக்கை விட்டுப் போய்விட்டார்கள்.

போர் அப்போது முடிந்திருக்கவில்லை. சொல்லப்போனால் அந்த ஏப்ரல் மாதம்தான் ஈராக்கிய நகரங்களான ஃபலூஜாவிலும் நஜஃபிலும் சண்டை கடுமையாகியிருந்தது. அப்படியிருக்க, ஒரு நாடு தன் பாட்டுக்குக் கிளம்பிவிட முடியுமா? யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்? அது காலி செய்த இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? செய்திகளில் 'கூட்டணி நாடுகள் படைகளை விலக்கிக்கொண்டன' என்று ஒரே வரியில் வந்துபோகும் விஷயத்துக்குள் இந்தக் கேள்விகள் எல்லாம் இருக்கின்றன. ஈராக் போரை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். விலகலின் பெரும்பாலான வகைகள் அந்த ஒரே போரில் கிடைக்கின்றன.

முதலில் அடிப்படை. பன்னாட்டுக் கூட்டுப்படை என்று ஒரு பெயர், ஒரு தளபதி, ஒரு தலைமையகம் இருப்பதால் அது ஒரே ராணுவம் என்று தோன்றும். அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் கொடுத்தனுப்பும் அண்டா குண்டான் மாதிரிதான் ஒவ்வொரு நாடும் தன் சிப்பாய்களைக் கொடுத்து வைக்கிறது. அங்கே யார் எதைச் சமைப்பது என்று அவர்கள் முடிவு செய்யலாம். ஆனால் பாத்திரம் கொடுத்தவருடையது. அந்தச் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுப்பது, தவறு செய்தால் விசாரிப்பது, எந்த வேலைக்கு அவனை அனுப்பக்கூடாது என்று சொல்வது, கடைசியாக எப்போது திரும்பி வரவேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அவன் நாட்டு அரசிடமே இருக்கும். கூட்டுப்படைத் தளபதிக்குக் கிடைப்பது அன்றாடப் பணிகளை வகுத்துக் கொடுக்கும் அதிகாரம் மட்டும். அதுவும் அந்தந்த நாடு போட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான்.

ஆகவே, விலகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நேட்டோ போன்ற முறையான கூட்டணியில்கூட இதுதான் நிலை. ஒரு உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கருதவேண்டும் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. ஆனால் அதற்காக ஒவ்வொரு நாடும் 'தான் அவசியமெனக் கருதும்' நடவடிக்கையை எடுத்தால் போதும். இத்தனை ஆயிரம் பேர், இத்தனை வருடம் என்று எந்தக் கணக்கும் அதில் கிடையாது. ஈராக் போருக்கோ அந்த அளவு ஒப்பந்தமும் இல்லை. விருப்பமுள்ள நாடுகள் சேர்ந்த கூட்டணி என்றே அமெரிக்கா அதை அழைத்தது. விருப்பத்தின் பேரில் வந்தவர்கள் விருப்பம் மாறினால் போகலாம்.

அந்தக் கூட்டணியின் பட்டியலை இன்று பார்த்தால் வருத்தமாகவே இருக்கிறது. போர் தொடங்கிய 2003 மார்ச்சில் வெள்ளை மாளிகை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெயரை வெளியிட்டது. ஆனால் படையெடுப்பில் உண்மையில் இறங்கியவர்கள் அமெரிக்கர்கள், சுமார் 46,000 பிரிட்டிஷ் படையினர், சுமார் 2,000 ஆஸ்திரேலியர்கள், போலந்தின் ஒரு சிறு சிறப்புப் படை, அவ்வளவுதான். பட்டியலில் இருந்த ஐஸ்லாந்து, பலாவு, மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள் போன்றவற்றுக்கு ராணுவமே கிடையாது. 1948-இல் ராணுவத்தைக் கலைத்துவிட்ட கோஸ்டா ரிக்காவின் பெயரும் அதில் இருந்தது. அது தங்கள் அரசியலமைப்புக்கே எதிரானது என்று அந்நாட்டு நீதிமன்றம் 2004 செப்டம்பரில் தீர்ப்பளித்து, பெயரை எடுக்கும்படி அமெரிக்காவிடம் சொல்லுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாமலே ஒரு நாடு போரிலிருந்து 'விலகிய' கதை இது.

படையெடுப்பு முடிந்து ஆக்கிரமிப்பு தொடங்கிய பிறகுதான் மற்ற நாடுகளின் சிப்பாய்கள் வந்தார்கள். ஐ.நா. பாதுகாப்பு சபை 2003 அக்டோபரில் 1511ஆம் தீர்மானத்தின் மூலம் பன்னாட்டுப் படைக்கு அனுமதி அளித்தது. அது பல அரசுகளுக்கு வசதியாகப் போயிற்று. 2004 தொடக்கத்தில் ஈராக்கில் சுமார் 1,30,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். மற்ற எல்லா நாடுகளும் சேர்ந்து சுமார் 24,000. அந்த 24,000-இலும் அதிகம் பேரை அனுப்பியிருந்த நாடு பிரிட்டன்.

இந்தியாவிடமும் கேட்டார்கள். சுமார் 17,000 பேர் கொண்ட ஒரு டிவிஷனை வடக்கு ஈராக்குக்கு அனுப்பும்படி அமெரிக்கா வற்புறுத்தியது. வாஜ்பாய் அரசு பல வாரம் யோசித்துவிட்டு, 2003 ஜூலை 14 அன்று மறுத்தது. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம் என்று மட்டும் சொன்னது. போகாமல் இருப்பது எவ்வளவு எளிது, போன பிறகு திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதை அடுத்த ஐந்தாறு வருடங்களில் மற்ற நாடுகள் பட்ட பாட்டில் பார்த்தவர்களுக்கு அந்த முடிவின் மதிப்பு தெரியும்.

சரி, மற்றவர்கள் ஏன் போனார்கள்? சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று நம்பிப் போனவர்கள் உண்டு. ஆனால் பல நாடுகளின் கண் ஈராக்மீது இல்லை, வாஷிங்டன்மீதுதான் இருந்தது. போலந்து 1999-இல்தான் நேட்டோவில் சேர்ந்திருந்தது. ரஷ்யாவை நினைத்து அதற்கு அமெரிக்காவின் நெருக்கம் தேவைப்பட்டது. ஜார்ஜியா நேட்டோவில் சேர ஆசைப்பட்டது. தென் கொரியாவுக்கு வட கொரியா கவலை. எல் சால்வடாரின் லட்சக்கணக்கான மக்கள் அமெரிக்காவில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களில் பலருடைய தங்கும் அனுமதி அமெரிக்க அரசு அவ்வப்போது புதுப்பித்துத் தரவேண்டிய ஒன்றாக இருந்தது. சிறிய நாடுகள் பலவற்றின் பயணச் செலவையும் உணவுச் செலவையும் அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. இந்தக் காரணங்களை மனதில் வைத்துக்கொண்டால் விலகல்களும் தானாகப் புரியும். எந்தக் காரணத்துக்காக ஒரு நாடு வந்ததோ, அதைவிடப் பெரிய காரணம் ஒன்று சொந்த ஊரில் எழும்போது அது கிளம்புகிறது. போர்க்களத்தில் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பது பெரும்பாலும் இரண்டாம் பட்சம்.

ஸ்பெயின் பயந்து ஓடியதா?

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்று நாள் கழித்துத் தேர்தல். ஆளுங்கட்சி தோற்றது, சோஷலிஸ்டுகள் ஜெயித்தார்கள், படை திரும்பியது. இப்படி வரிசையாகச் சொன்னால் குண்டுக்குப் பயந்து ஸ்பெயின் ஓடியது என்றுதான் தோன்றும். அன்று பலர் அப்படியே எழுதினார்கள். அது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஐ.நா. பொறுப்பேற்காவிட்டால் ஜூன் 30-க்குள் படையைத் திருப்பி அழைப்போம் என்பது குண்டுவெடிப்புக்கு முன்பே சப்பாத்தேரோ கொடுத்த வாக்குறுதி. ஸ்பானிய மக்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஆரம்பத்திலிருந்தே இந்தப் போரை எதிர்த்தார்கள்; 2003-இல் மாட்ரிடிலும் பார்சிலோனாவிலும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். மக்கள் எதிர்த்த போருக்கு அப்போதைய பிரதமர் அஸ்னாரின் அரசு படை அனுப்பியதுதான் முதல் கோணல். குண்டு வெடித்தவுடன் அது பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாவின் வேலை என்று அந்த அரசு பிடிவாதமாகச் சொன்னது. ஆதாரங்கள் வேறு பக்கம் காட்டியபோதும் சொன்னது. அந்தக் கோபமும் வாக்குச்சாவடிக்குப் போனது. மேலும், ஸ்பெயின் பன்னாட்டுப் பணியிலிருந்தே ஒதுங்கிவிடவில்லை. அதே ஆண்டு ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படையை அனுப்பியது. ஒரு போரிலிருந்து விலகும் நாடு இன்னொரு இடத்தில் ஆள் கொடுத்து உறவைச் சரிசெய்துகொள்வது அதன்பிறகும் பல முறை நடந்திருக்கிறது.

ஸ்பெயின் போனதால் ஏற்பட்ட ஓட்டை எவ்வளவு பெரியது? 1,54,000 பேரில் 1,300 பேர் ஒன்றுமே இல்லை என்று தோன்றலாம். ஆனால் ஸ்பெயின் தலைமையில் ஒரு படைப்பிரிவு இருந்தது. ஹோண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு, எல் சால்வடார், நிகரகுவா ஆகிய நாட்டுச் சிப்பாய்கள் அதற்குள்தான் இருந்தார்கள். பேசும் மொழி ஒன்று, தளபதி ஒருவர், சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு ஒன்று. தலைமை நாடு கிளம்பியதும் சிறிய நாடுகளால் தனியே நிற்க முடியாது. நிகரகுவா அதற்கும் முன்பே பணமில்லாமல், போனவர்களுக்குப் பதில் அடுத்த குழுவை அனுப்பாமல் விட்டுவிட்டது. இதுவும் விலகல்தான், ஆனால் எந்த அறிவிப்பும் இருக்காது. எல் சால்வடார் மட்டும் கிளம்பாமல் 2009 தொடக்கம் வரை இருந்தது. ஸ்பானியர்கள் பார்த்துக்கொண்ட நஜஃபை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 20,000 பேரின் பணி மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புக்கு முக்கியக் காரணம் ஷியா மதத் தலைவர் முக்ததா அல்-சதரின் ஆட்கள் தொடங்கிய கிளர்ச்சி. ஆனாலும் கூட்டாளிகளின் எண்ணிக்கை குறையும்போது மீதமிருப்பவன் தோளில்தான் சுமை ஏறுகிறது.

காவலுக்குக் காவல்

எண்ணிக்கையை விட ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு சமாவா நல்ல உதாரணம். தெற்கு ஈராக்கில் முதன்னா மாகாணத்தின் தலைநகர் அது. ஜப்பான் சுமார் 600 பேரை அங்கே அனுப்பியது. குடிநீர் சுத்திகரிப்பு, பள்ளிக்கூடம், சாலை இவைதான் அவர்கள் வேலை. ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு போரைத் துறக்கிறது. தற்காப்புக்கு அல்லாமல் அவர்கள் துப்பாக்கி எடுக்க முடியாது. அப்படியானால் அந்தச் சிப்பாய்களுக்கு யார் பாதுகாப்பு? அதே மாகாணத்தில் இருந்த சுமார் 1,350 டச்சுக்காரர்கள். 2005 மார்ச்சில் நெதர்லாந்து கிளம்பிவிட்டது. உடனே ஜப்பான் போகுமா இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டன் இடைவெளியை அடைத்தது. அப்புறம் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் இன்னும் 450 பேரை அனுப்பினார். ஒரு நாட்டின் விலகலைச் சமாளிக்க இன்னொரு நாடு புதிதாக ஆள் சேர்க்கவேண்டி வந்தது. 2006 ஜூலையில் அந்த மாகாணம் ஈராக்கிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டதும் ஜப்பானியத் தரைப்படை ஊர் திரும்பியது.

எல்லா நாடும் தன் படையோடு இப்படிச் சில நிபந்தனைகளையும் கொண்டுவரும். இரவில் ரோந்து போகமாட்டோம், மாகாண எல்லையைத் தாண்டமாட்டோம், தாக்குதலில் இறங்கமாட்டோம் என்கிற மாதிரி. அதனால் ஐநூறு பேர் போனால் இன்னொரு ஐநூறு பேரை வைத்து நிரப்பிவிடலாம் என்பது காகிதத்தில் மட்டுமே நடக்கும்.

விலகலுக்கான காரணங்களில் பிலிப்பைன்ஸ் கதை மிகவும் வலிக்கிற ஒன்று. அந்த நாட்டின் படை ஈராக்கில் வெறும் 51 பேர். 2004 ஜூலையில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநரை ஆயுதக் குழு கடத்தியது. ஆகஸ்ட் 20-இல் முடியவேண்டிய பணியை ஒரு மாதம் முன்பே முடித்துப் போகாவிட்டால் தலையை வெட்டுவோம் என்றது. அதிபர் குளோரியா மகபகல் அரோயோ படையைத் திரும்ப அழைத்தார். ஓட்டுநர் உயிரோடு வந்தார். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கடுமையாகக் கண்டித்தன. இது மேலும் கடத்தல்களை ஊக்குவிக்கும் என்றன. அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளை மேற்காசியாவுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடுகள் நடக்கிற ஒரு நாடு, அந்தத் தொழிலாளிகளில் ஒருவன் கேமரா முன் மண்டியிட்டிருக்கும்போது 51 பேரை விட்டுக்கொடுக்க மறுத்திருக்கவேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே ஜூலையில் குவைத் நிறுவனம் ஒன்றுக்கு லாரி ஓட்டிய மூன்று இந்தியர்களும் கடத்தப்பட்டார்கள். அவர்கள் குடும்பங்கள் செப்டம்பர் முதல் தேதிவரை பதறிக்கொண்டிருந்ததை அன்றைய செய்திகளைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் இந்தியாவின் படை ஒன்றுகூட அங்கே இல்லை.

ஹங்கேரியில் முடிவு வேறு விதமாக வந்தது. 300 பேர் கொண்ட அதன் போக்குவரத்துப் படையின் காலத்தை மூன்று மாதம் நீட்டிக்க அரசு விரும்பியது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், கிடைக்கவில்லை. 2004 முடிவில் கிளம்பிவிட்டார்கள். இத்தாலி 2003 நவம்பரில் நசிரியாவில் ஒரே குண்டுவெடிப்பில் 19 பேரை இழந்தும் தங்கியது; 2006-இல் ஆட்சி மாறியபின் விலகியது. ஆஸ்திரேலியாவின் போர்ப்படை கெவின் ரட் ஜெயித்தபின் 2008 ஜூனில் திரும்பியது. போலந்து டொனால்ட் டஸ்க் பிரதமராக வந்தபின் அதே ஆண்டு அக்டோபரில். ஒரு படை எப்போது திரும்பும் என்று ஊகிக்க விரும்பினால் போர்க்கள வரைபடத்தைவிட அந்த நாட்டின் தேர்தல் தேதியைப் பார்ப்பது உதவும்.

ஜார்ஜியா மட்டும் இதில் சேராது. 2008-இல் அமெரிக்கா, பிரிட்டனுக்கு அடுத்தபடியாக ஈராக்கில் அதிகச் சிப்பாய்களை வைத்திருந்தது அந்தச் சின்ன நாடுதான். சுமார் 2,000 பேர். அந்த ஆகஸ்டில் ரஷ்யாவோடு போர் மூண்டது. தன் ராணுவத்தின் நல்ல பயிற்சி பெற்ற பகுதி ஈரான் எல்லைக்கு அருகே அடுத்தவர் போரில் நின்றுகொண்டிருக்க, சொந்த மண்ணில் எதிரி நுழைந்துவிட்டான். அமெரிக்க விமானங்கள் அவசர அவசரமாக அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் ஊரில் இறக்கின. அதைத் தாண்டி அமெரிக்கா ஜார்ஜியாவுக்காகச் சண்டைக்கு வரவில்லை.

பிரிட்டனின் விலகலில் இன்னொரு பாடம். பெரிய நாடுகள் ஒரே நாளில் கிளம்புவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். 2007 செப்டம்பரில் தெற்கு ஈராக்கின் பாஸ்ரா நகரத்துக்குள் இருந்த கடைசி முகாமான பழைய அரண்மனையைக் காலி செய்து, நகருக்கு வெளியே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். பொறுப்பை ஈராக்கியர்களிடம் ஒப்படைப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் நகரம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. 2008 மார்ச்சில் ஈராக் பிரதமர் நூரி அல்-மாலிகி அமெரிக்க உதவியோடு படை அனுப்பி அதை மீட்கவேண்டியிருந்தது. பிரிட்டனின் ஈராக் போரை விசாரித்த சில்காட் குழு 2016-இல் அறிக்கை வெளியிட்டது. தன் படைமீது தாக்குதலை நிறுத்துவதற்குப் பதிலாகக் கைதிகளை விடுவிப்பது என்று ஒரு ஆயுதக் குழுவோடு உடன்பாடு செய்யும் நிலைக்குப் பிரிட்டன் வந்தது அவமானகரமானது என்று அதில் எழுதியிருக்கிறது. விலகவேண்டும் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி 'நிலைமை சீராகிவிட்டது' என்று பிறகு சொல்லும்போது விலை கொடுப்பது அங்கே வாழும் மக்கள்.

ஐ.நா. ஆணை 2008 டிசம்பர் 31-இல் முடிந்தது. மிச்சமிருந்த நாடுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே மூட்டை கட்டின. 2009 நடுவில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ருமேனியாவும் போனபின் அமெரிக்கா மட்டும். 2010 ஜனவரி 1 முதல் 'பன்னாட்டுப் படை' என்ற பெயரையே எடுத்துவிட்டு, அமெரிக்கப் படை என்று மாற்றிக்கொண்டார்கள்.

பெரியவர் கிளம்பினால்

இதுவரை சொன்னதெல்லாம் சிறியவர்கள் போய், பெரியவர் தங்கிய கதை. ஆப்கானிஸ்தானில் தலைகீழாக நடந்தது. அங்கேயும் சிலர் முன்கூட்டியே போனார்கள். உருஸ்கான் மாகாணத்தில் இருந்த டச்சுப் படையை நீட்டிப்பதா என்ற சண்டையில் 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் கூட்டணி அரசே கவிழ்ந்தது. ஆகஸ்டில் படை வெளியேறியது. ஆனால் பெரும்பாலான நேட்டோ நாடுகள் 'சேர்ந்து வந்தோம், சேர்ந்தே போவோம்' என்று இருந்தன.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அமெரிக்காவின் படைகள் மட்டுமல்ல, அதன் கூட்டாளிகளின் படைகளும் 14 மாதத்தில் வெளியேறும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டது அமெரிக்கா, கிளம்பவேண்டியது எல்லோரும். காபூல் அரசு அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. 2021 ஏப்ரலில் இறுதி முடிவு வந்தபோது அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 2,500 பேர்தான். மற்ற நாட்டவர் சுமார் 7,000. ஆள் பலம் இருந்தும் அவர்களால் தங்க முடியவில்லை. போர் விமானம், உளவுத் தகவல், காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் ஹெலிகாப்டர், விமான நிலையப் பாதுகாப்பு இவற்றில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவுடையது. ஆகவே விலகும் உரிமை எல்லா நாட்டுக்கும் உண்டு. தங்கும் உரிமை எல்லா நாட்டுக்கும் இல்லை.

இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாதவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். வெளிநாட்டுச் சிப்பாய்களோடு தெருவில் நடந்து, அவர்கள் சொல்வதை ஊராருக்கும் ஊரார் சொல்வதை அவர்களுக்கும் சொன்ன உள்ளூர்க்காரர்கள். படைக்கு ஊர் உண்டு, திரும்பிப் போகும். இவர்களுக்கு அதுதான் ஊர். பாஸ்ராவில் பிரிட்டிஷாருக்கு வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிப்பிடித்துக் கொன்றார்கள். பிரிட்டன் 2007 அக்டோபரில்தான் அவர்களுக்கு ஒரு உதவித் திட்டத்தை அறிவித்தது, அதிலும் குறைந்தது ஒரு வருடம் வேலை பார்த்திருக்கவேண்டும் என்று நிபந்தனை. ஆனால் அதே பகுதியில் இருந்த டென்மார்க், தன் படை கிளம்புவதற்கு முன், அந்த ஜூலையிலேயே, மொழிபெயர்ப்பாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்துச் சுமார் 200 பேரைச் சத்தமில்லாமல் விமானத்தில் ஏற்றிக்கொண்டது.

2021-இலும் இதே வித்தியாசம் தெரிந்தது. பிரான்ஸ் தன் போர்ப்படையை 2012-லேயே விலக்கியிருந்தது. காபூலில் தன்னிடம் வேலை பார்த்த ஆப்கானியர்களை 2021 மே மாதமே அழைத்துச் செல்லத் தொடங்கிவிட்டது. காபூல் தாலிபானிடம் விழ இன்னும் மூன்று மாதம் இருந்தது. அப்போது அவசரப்படுகிறார்கள் என்று விமர்சனம் வந்தது. மற்ற பல நாடுகள் விசாப் படிவங்களையும் தகுதி நாட்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 15 வந்தபோது, அவர்களுடைய ஆட்கள் விமான நிலையத்தின் மதிலுக்கு வெளியே காகிதங்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. படையை விலக்கும் முடிவை நாடாளுமன்றத்தில் எடுக்கும் அதே நாளில், இவர்களை எந்த விமானத்தில் எந்தத் தேதியில் ஏற்றுவது என்பதையும் சேர்த்து முடிவெடுக்க முடியும். டென்மார்க்குக்கு அது முடிந்திருக்கிறது.